மருத்துவர் பதில்: பம்ப் பிறகு, முதலில் இடப்பக்கக் கட்டு

கேள்வி: என் பெண் குழந்தைக்கு மூன்றரை மாதம். மகப்பேற்று விடுமுறை முடிந்து விரைவில் பாடசாலைக்குத் திரும்ப வேண்டும். உள்ளாடைக்குள் வைத்தால் தானாகவே பால் எடுக்கும் பம்ப் ஒன்றைக் கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பப் போகிறார். எதை வாங்கச் சொல்லலாம்? இப்போது வைத்திருக்கும் கைப் பம்பில் 20 மில்லிலீற்றர்தான் வருகிறது. வலது மார்பு சிறியதாக இருப்பதாலா? புளூடூத் உள்ள பம்ப் பாலைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்தேன். நேற்றிலிருந்து இடது மார்பில் ஒரு பக்கம் கல்லுப்போல இருக்கிறது, சிவந்தும் இருக்கிறது. குளிர்ந்து காய்ச்சலும் வந்தது. அம்மாவுக்குக் கொடுத்த அமொக்சிசிலின் மீதி இருந்தது, இரண்டு போட்டேன்.
– ஓர் ஆசிரியை, துணுக்காய்

பம்பைப் பற்றி இவ்வளவும் கேட்டுவிட்டு, காய்ச்சலைக் கடிதத்தின் வாலில் கட்டியிருக்கிறீர்கள். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களுக்குச் சொன்னதை மற்றத் தாய்மாருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

மார்பில் ஒரு பகுதி மட்டும் இறுகி, தோல் சிவந்து சுட்டு, உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வந்தால் அது மார்பக அழற்சி. வெறும் பால்கட்டு என்றால் பிள்ளை குடிக்கக் குடிக்க ஒரு நாளுக்குள் இளகத் தொடங்கும். 24 மணித்தியாலத்தில் காய்ச்சல் தணியவில்லை, சிவப்பு பரவுகிறது, அல்லது அழுத்தினால் உள்ளே ஏதோ தளும்புகிறது என்றால் சீழ் கட்டுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு மல்லாவி ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அன்றைக்கே போங்கள், கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். நேரத்தோடு வந்தால் சீழை ஊசியால் இழுத்தெடுத்து விடலாம். வீட்டிலேயே வைத்திருந்து, தோல் மெலிந்து மினுங்கும் நிலையில் வருபவர்களுக்குக் கீறத்தான் வேண்டியிருக்கிறது.

அம்மாவின் மீதி மாத்திரையைப் பற்றி என்ன சொல்ல! மார்பில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் தோலில் குடியிருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமி. அமொக்சிசிலினை உடைத்துப்போடும் நொதியம் அதனிடம் அநேகமாக இருக்கும். நீங்கள் இரண்டு போட்டாலும் இருபது போட்டாலும் அதற்கு ஒன்றுதான். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போடலாம், துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். எண்ணெய் பூசி அழுத்தி உருவி விடுவதை நிறுத்துங்கள், வீக்கம்தான் கூடும். அந்த மார்பில் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கட்டை உடைக்கிறேன் என்று பம்பை வைத்து ஒட்ட உறிஞ்சாதீர்கள். எடுக்க எடுக்க உடம்பு இன்னும் சுரக்கும், கட்டும் இறுகும்.

பால் வற்றிவிடுமோ என்பதுதானே உங்கள் உண்மையான பயம்? பிள்ளை குடித்து முடித்த மார்பில் பம்ப் வைத்தால் 20 மில்லிலீற்றர் வருவது வழமை. பிள்ளையின் வாய் எடுக்கும் பாலை எந்தப் பம்பும் எடுக்காது. நாளுக்கு ஆறு தரமாவது சலம் போகிறதா, பிள்ளையின் பதிவேட்டில் நிறைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தர் அந்தக் கோட்டைப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மார்பின் பருமனுக்கும் பாலுக்கும் தொடர்பில்லை. புளூடூத் பாலை ஒன்றும் செய்யாது. பால்சுறா வறையும் முருங்கையிலையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசிக்காக.

பம்ப் வாங்கும்போது கம்பனிப் பெயரைவிடக் காம்பு உட்காரும் புனலின் அளவுதான் முக்கியம். முலைக்காம்பின் அடி எத்தனை மில்லிமீற்றர் அகலம் என்று அடிமட்டத்தால் அளந்து அக்காவுக்குச் சொல்லுங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீற்றர் புனல். அது பலருக்குப் பெரிது, அதற்குள் பொருத்தும் சிறிய சிலிக்கன் வளையம் கிடைக்கும். காம்பு மட்டும் உள்ளே போய்வர வேண்டும். சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து இழுபட்டால் புனல் பெரிது, காம்பு உரசி வெளிறினால் சிறிது.

உள்ளாடைக்குள் வைத்துப் பால் சேர்க்கும் கிண்ணத்துக்குள்ளேயே மோட்டாரும் இருக்கும் பம்பைச் சேலை மறைத்துவிடும், ஆனால் இழுவை பொதுவாகக் குறைவு. கரும்பலகையின் கீழ்வரியில் எழுதக் குனிந்தால் பால் சிந்தவும் கூடும். சிறிய மோட்டாரை இடுப்பில் கொளுவி, குழாயால் கிண்ணத்தோடு இணைக்கும் வகையைத்தான் நான் சொல்வேன். பால் குழாய்க்குள் ஏறாமல் தடுக்கும் அடைப்பு அதில் இருக்க வேண்டும். உள்ளாடை இறுக்கமாக இருக்கக் கூடாது, கிண்ணம் அழுத்தும் இடத்தில் அடுத்த கட்டு வரும். சிலிக்கன் வால்வு தேய்ந்தால் இழுவை போய்விடும், ஆகவே மேலதிகமாக இரண்டு அனுப்பச் சொல்லுங்கள். சார்ஜரில் 100 – 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் அக்கா பார்க்கட்டும். கனடாவின் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சார்ஜர் இங்கே முதல் நாளே புகைந்துவிடும்.

எடுத்த பால் 25 பாகை வெப்பத்தில் 4 மணித்தியாலம்தான் தாங்கும். வன்னியின் நடுப்பகல் அதைவிடச் சூடு. ஐஸ் பொதி வைத்த வெப்பம் புகாத பையில் 24 மணித்தியாலம் வைத்திருக்கலாம். ஆசிரியர் அறை மேசையில், பாடக்குறிப்புக் கொப்பிக்குப் பக்கத்தில் போத்தலை வைக்காதீர்கள்.