பால் சேராத பெண்களுக்கு வயதானால் எலும்பு பலவீனமாகிவிடுமா? இது பரம்பரையா?

எங்கள் வீட்டில் பால் சேராதது அம்மா வழி. ஒரு டம்ளர் உள்ளே போனால் போதும், கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடா என்று உருளும், உப்பிக்கொள்ளும், அப்புறம் ஓட வேண்டியதுதான். நாற்பதைத் தாண்டியதும் எனக்கும் அதே கதை. அப்பாவோ தினமும் ராத்திரி ஒரு சொம்பு பால் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்.

பரம்பரைதான். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்சைம் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைவதே மனிதர்களில் பெரும்பாலோருக்கு இயல்பு. சிலருக்கு மட்டும் குறைவதில்லை. அதற்குக் காரணமான மாற்றத்தை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: லாக்டேஸ் மரபணுவுக்குப் பக்கத்து மரபணுவில் டிஎன்ஏ எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து, ‘சி’ இருக்கும் இடத்தில் ‘டி’. அம்மா, அப்பா யாரிடமிருந்தாவது ஒரு ‘டி’ வந்தால் பால் சேரும். இரண்டும் ‘சி’ என்றால் என் கதிதான். இந்தியாவில் இந்த ‘டி’ வடமேற்கில் அதிகம், தெற்கே வர வரக் குறைவு. ஆகவே நம் பக்கம் இதை நோய் என்று சொல்வதே சரியில்லை.

எலும்புக்கு வருவோம். மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து ஆஸ்திரியாவில் செய்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. இரண்டு ‘சி’ உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவு, முறிவு அதிகம். பால் வழியாக அவர்களுக்குக் கிடைத்த கால்சியமும் குறைவாகவே இருந்தது. எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமாகப் பட்டது, அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால்.

68 வயதில் வாசலில் கோலம் போட்டு எழுந்தபோது சறுக்கிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்புக்கு டி ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண்) மைனஸ் 2.9. மைனஸ் 2.5-க்குப் போனாலே ஆஸ்டியோபோரோசிஸ். விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் “தேய்மானம்” என்றார்கள். தேய்மானம் மூட்டு சமாச்சாரம். இது எலும்பே உள்ளுக்குள் சல்லடையாவது.

டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. இருபது வருடமாக அம்மா தயிர், மோர் எதையும் தொடவில்லை. “பாலே சேரலை, அதுலேருந்து வந்தது மட்டும் சேருமா?” ரசம் சோறு, ஒரு பொரியல், ராத்திரி இரண்டு இட்லி, கடுங்காப்பி. கால்சியம் எங்கிருந்து வரும்? அந்த வயதுப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்கிறார்கள்.

தயிர் உறையும்போதே லாக்டோஸில் ஒரு பங்கு புளித்துப் போய்விடுகிறது. மீதியைச் செரிக்க அதிலுள்ள பாக்டீரியாவின் என்சைமும் கைகொடுக்கிறது. மத்தியானச் சோற்றில் ஒரு குழிக்கரண்டி விட்டுப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஒரு கிண்ணம் வரை போகிறது. காலையில் கேழ்வரகுக் கூழ் (100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது), சாயங்காலம் எள்ளுருண்டை, ஞாயிற்றுக்கிழமை முள்ளோடு மென்று தின்ன நெத்திலி.

கூழ் குடித்தே எலும்பைச் சரிசெய்யலாம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பாதீர்கள். அம்மாவுக்கு மருந்தும் வைட்டமின் டி-யும் தனியாக நடக்கிறது.

பால் சேராத பலருக்கும்கூட ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ், அதாவது சுமார் ஒரு டம்ளர் பால், தாங்கும் என்கிறார்கள். அம்மாவுக்கு அவ்வளவு தாங்காது. ஆனால் கடுங்காப்பி போய், இப்போது அரை டம்ளர் பால் காப்பி. அதையும் டிகாக்‌ஷன் தூக்கலாக வேண்டும் என்று சண்டை பிடித்துத்தான் வாங்குகிறார்.