முதல் மாத்திரை போட்டாச்சு, மனசு மாறிடுச்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பல வருஷம் கர்ப்பிணிப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கருக்கலைப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில இவை. யார் பெயரும் போடவில்லை.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து: அக்கா, நேத்து கிளினிக்கில் ஒரு மாத்திரையை விழுங்க வைத்தார்கள். இன்னும் நாலு கவரில் இருக்கு. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, இப்ப வேண்டாம்னு தோணுது. ஊசி போட்டால் கரு தங்கும்னு நெட்டில் பார்த்தேன். நிஜமா?

அந்த நாலையும் தொடாதேம்மா. கவரோடு இன்னைக்கே கிளினிக்குக்குப் போய், மனசு மாறியதைச் சொல்லி ஸ்கேன் கேள்.

நீ விழுங்கியது மிஃபெப்ரிஸ்டோன். கர்ப்பத்தைத் தாங்குகிற புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தில் இது முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். கவரில் இருப்பது மிசோப்ரோஸ்டால். 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் போட்டால் கருப்பை சுருங்கி வெளியே தள்ளும். முதலாவதோடு நிறுத்தியவர்களில் பாதிப்பேர் வரைக்கும் கர்ப்பம் தொடரலாம். வாரம் குறைவென்றால் வாய்ப்பும் குறைவு.

இனி ஊசி. புரொஜெஸ்டிரானை அள்ளிக் கொடுத்தால் அந்த இடத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்பது அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் டெல்காடோவின் யோசனை. 2012இல் அவர் எழுதியபோது ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏழெட்டுப் பேர்கூட இல்லை. 2018இல் சில நூறு பேர், ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தங்கியது என்று எழுதினார். கூடவே ஊசி போடாத ஒரு கூட்டத்தை வைத்துப் பார்க்கவில்லை. சும்மா இருந்தாலே சிலருக்குத் தங்கும்போது, தங்கவைத்தது ஊசிதான் என்று எப்படிச் சொல்வது? கலிஃபோர்னியாவில் 40 பேரை வைத்து முறையாகச் சோதிக்கப் பார்த்தார்கள். 12 பேரோடு நிறுத்த வேண்டியதாயிற்று, மூணு பேருக்குக் கடுமையான ரத்தப்போக்கு. அதில் ரெண்டு பேர் புரொஜெஸ்டிரான் இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்கள். பாதியில் நிறுத்துவதே ஆபத்தாகலாம் என்பதுதான் அதில் நான் கண்டது. அதனால் வீட்டில் தனியாக இருக்காதே.

பீட்டர்மரிட்ஸ்பர்கிலிருந்து: கர்ப்பம் தங்கினால் பிள்ளை குறையோடு பிறக்குமா?

முதல் மாத்திரை மட்டுமென்றால் அப்படித் தெரியவரவில்லை. மிசோப்ரோஸ்டால் வேறு விஷயம்: கை கால் வளர்ச்சி, முக நரம்பு, இவற்றில் குறை வரலாம். எல்லாருக்கும் வராது, ஆனால் அதையும் போட்டுவிட்டுக் கர்ப்பம் தங்கியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கணவர் ஒருவர்: என் சம்மதம் இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். சட்டம் இடம் கொடுக்குமா?

கொடுக்கும். நம் நாட்டின் 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், 1997 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 12 வாரம் வரை பெண்ணின் வார்த்தை போதும். கணவர் கையெழுத்து தேவையில்லை. ரெண்டாவதை விழுங்கு என்று அவளைக் கட்டாயப்படுத்தவும் யாருக்கும் உரிமை இல்லை. மாமியாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெயர் சொல்லாதவர்: விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டு வாங்கினேன். மேலே பேரே எழுதாத பொட்டலம். இப்ப நிறுத்தணும்.

உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. மிசோப்ரோஸ்டால் மட்டும்கூட இருக்கலாம். அப்படியானால் அதற்கு ஊசிக்கதை பொருந்தவே பொருந்தாது. மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காட்டினால் அவர்களுக்கு உதவும்.

மறுபடி ஃபீனிக்ஸ்: அக்கா, கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தாச்சு, துடிப்பு இருக்கு, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். எவ்வளவு ரத்தம் போனால் பயப்படணும்?

மணிக்கு ரெண்டு பெரிய பேட் முழுக்க நனைந்து, ரெண்டு மணி நேரம் அப்படியே போனால் காத்திருக்காதே. தலைசுற்றல், காய்ச்சல், ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தாலும் அப்படித்தான். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனில் 112. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வை.