மெங்குடு வேர்ச் சாயம் ஏன் நிற்கவில்லை?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "சமையலறையைப் பெரிதாக்க, வீட்டுக்குப் பின்னால் நின்ற மெங்குடு மரத்தை வெட்டினோம். அதன் வேர் சிவப்புச் சாயம் தரும் என்றார்கள். வேரைக் கொதிக்க வைத்து ஒரு பருத்தித் துண்டை முக்கினேன். நன்றாகத்தான் ஏறியது. இரண்டு முறை அலசியதும் வெளிர் மஞ்சளாகிவிட்டது. எங்கே தவறினேன்?"

வேரில் குறையில்லை. படிகாரம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

மெங்குடு நம் நுணா மரத்தின் உறவு. அதன் வேர்ப்பட்டையில் மொரிண்டோன் என்ற ஆந்த்ராகுவினோன் இருக்கிறது. மூன்று கார்பன் வளையங்கள் ஒட்டி நிற்கும். நடு வளையத்தில் எதிரெதிரே இரண்டு ஆக்சிஜன். இதுதான் ஆந்த்ராகுவினோனின் கட்டமைப்பு. மொரிண்டோனில் இந்த ஆக்சிஜனுக்குப் பக்கத்திலேயே ஹைட்ராக்சில் தொகுதியும் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு ஜோடி) உண்டு. இரண்டும் சேர்ந்து, நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல, அலுமினியத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வியதும் நிறம் சிவப்புக்கு நகரும். சாயமும் தண்ணீரில் கரையாமல் நூலுக்குள் தங்கிவிடும். அந்த அலுமினியத்தைக் கொடுப்பது படிகாரம். அது இல்லாவிட்டால் பருத்தியில் இந்தச் சாயத்துக்குப் பிடிமானமே கிடையாது.

சோழமண்டலக் கரையின் சாயக்காரர்களுக்கு இது கைவந்த கலை. அவர்கள் பயன்படுத்திய சாயவேர் என்ற செடியின் வேரில் இருப்பது அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள், இதே குடும்பம். துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, அதன் பிறகே வேர்ச் சாற்றில் போட்டார்கள். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஆந்த்ரசீனிலிருந்து அலிசரினைச் செய்துகாட்டினார்கள். அப்புறம் வேர்ச் சாயத்தின் சந்தை சரிந்தது. அந்தக் கைப்பக்குவமும் கூடவே போனதுதான் எனக்கு வருத்தம்.

சரி, உங்கள் துண்டுக்கு வருவோம். கலப்பில்லாத பருத்திதானா என்று முதலில் பாருங்கள். பாலியெஸ்டர் கலந்திருந்தால் இந்த முறை சரிவராது. 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள், 15 கிராம் படிகாரம். இரண்டும் பினாங்கு லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சோப்புப் போட்டு நன்றாகத் துவைத்த துணியைக் கடுக்காய் நீரில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிழியுங்கள். அடுத்து, வெந்நீரில் கரைத்த படிகாரத்தில் இன்னோர் இரவு. காயவைத்து, லேசாக அலசிவிட்டுச் சாயத்தில் இறக்குங்கள்.

வேரில் பட்டை மட்டும் போதும், நடுக்கட்டை வீண். பென்சில் பருமனுள்ள வேர்களைப் பொறுக்குங்கள். பழைய மரத்தின் தடித்த வேரில் சாயம் குறைவு. கொதிக்க விடாமல், கை தாங்கும் சூட்டுக்குச் சற்று மேலே வைத்திருங்கள். ஊறவிட்டு, காயவைத்து, மறுபடி முக்குங்கள். மூன்று நான்கு முறைக்குப் பிறகுதான் சிவப்பு ஆழமாகும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்புச் சட்டியானால் நிறம் கறுத்து ஊதாவுக்கும் பழுப்புக்கும் போய்விடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு வரக்கூடாது. மெங்குடுப் பழச்சாறு குடிக்கிறோமே என்று வேர்ச் சாற்றையும் குடித்துவிட வேண்டாம். வேரில் லூசிடின் என்ற இன்னோர் ஆந்த்ராகுவினோனும் உண்டு. மரபணுவைக் கெடுக்கும் தன்மை அதற்கு இருப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்துச் செய்யுங்கள்.