ஒருமுறை நட்டால் காலத்துக்கும் வரும் லீக்ஸ்

கேள்வி: வெளிநாட்டுக் காணொளி ஒன்றில், நட்டுவிட்டால் வருஷக்கணக்கில் தானாகவே கிளைத்து வரும் லீக்ஸைக் காட்டினார்கள். எங்கள் தெரஸ் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது, வெயிலும் நன்றாக விழுகிறது. இங்கே அது வளருமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன் சகோதரி, அந்தச் செடிக்கு நம் ஊர் வெப்பம் ஒத்துவராது, அதற்காகப் பணம் செலவழித்து விதைக் குமிழ் வரவழைக்காதீர்கள். அப்படி வருஷக்கணக்கில் வரும் லீக்ஸில் பேர் பெற்றது பாபிங்டன் லீக். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்திலும் அயர்லாந்திலும் தானாக முளைத்துக் கிடப்பது. குளிர்காலம் முழுக்க இலை விட்டு வளர்ந்து, கோடையில் உயரமாகப் பூந்தண்டு தள்ளி, அதன் உச்சியில் பூவோடு பூவாகச் சின்னச் சின்னக் குமிழ்களை வைத்துவிட்டு, இலையெல்லாம் காய்ந்து மண்ணுக்குள் ஓய்வெடுக்கும். குமிழ் விழுந்த இடத்தில் புதுச்செடி முளைக்கும். நாம் கடையில் வாங்கும் சாதாரண லீக்ஸும் பூத்து முடிந்தபின் அடியில் பக்கக்கன்று விடும், அதைப் பிரித்து நட்டுத் தொடர்கிறவர்கள் உண்டு. ஆனால் பூக்க வேண்டுமென்றால் முதலில் குளிர் பட வேண்டும். லீக்ஸ் 13 முதல் 24 டிகிரிக்குள்தான் செழித்து வளரும்; நமக்கோ ராத்திரியிலேயே சுமார் 24 டிகிரி, பகலில் பெரும்பாலும் 32ஐ ஒட்டி இருக்கும். கேமரன் மலையில் வீடு இருந்தால் விஷயம் வேறு.

சரி, உங்களுக்கு வேண்டியது ஒருமுறை நட்டுப் பல வருஷம் அறுத்துச் சமைக்க ஒரு கீரை, அவ்வளவுதானே? அதற்குக் குச்சாய் இருக்கிறது. பினாங்குக்காரருக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, சார் குவே தியாவில் தவ்கேயோடு பச்சையாகத் தட்டையாகக் கிடக்குமே, அதுதான். லீக்ஸுக்கு உறவுக்காரச் செடி, பூண்டு வாசம் கூடுதலாக இருக்கும், நம் வெயிலில் வருஷம் முழுக்கத் துளிர்க்கும். விதை போட்டால் முளைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அறுக்க மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும். அதனால் வளர்த்துக்கொண்டிருக்கும் யாரிடமாவது ஒரு தூர் கேட்டு வாங்குங்கள். வேரோடு பிரித்து, நாலைந்து கன்றாகச் சேர்த்து, ஒரு சாண் இடைவெளியில் நடலாம். நம் மண் பெரும்பாலும் புளிப்பு மண், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கொஞ்சம் டோலமைட் சுண்ணாம்பு கலந்து, மக்கிய ஆட்டுப்புழுக்கையும் போட்டு வையுங்கள். பாத்தியைக் கட்டாயம் அரை அடியாவது உயர்த்துங்கள், ஏனென்றால் செப்டம்பர், அக்டோபர் மழையில் தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு கொழகொழத்து அழுகிவிடும்.

அறுக்கும்போது கூரான கத்தியால் மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு அறுங்கள், பிடுங்கவே கூடாது. மூன்று நான்கு வாரத்தில் மறுபடி அறுப்புக்கு வந்துவிடும். இரண்டு மூன்று வருஷத்தில் தூர் நெருக்கமாகி இலை மெலியத் தொடங்கும். அப்போது தோண்டியெடுத்துப் பிரித்து நட்டால் மறுபடி அகலமான இலை வரும். லீக்ஸின் வெள்ளைத்தண்டு மாதிரி மென்மையாக வேண்டுமா? அறுத்தவுடன் அந்தத் தூரின் மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, வெளிச்சம் புகாமல் ஓட்டையை அடைத்துவிடுங்கள். சுமார் மூன்று வாரத்தில் வெளிறிய மஞ்சளில், நார் இல்லாமல், லேசான இனிப்போடு வரும். அதை முட்டையோடு கிளறிச் சாப்பிட்டுப் பாருங்கள், லீக்ஸை மறந்துவிடுவீர்கள். ஒரே தூரை அடுத்தடுத்து மூடாதீர்கள், நடுவில் ஓரிரு அறுப்பு வெயிலில் விட்டால்தான் வேர் தேறும்.

கேள்வி: கடையில் வாங்கிய லீக்ஸின் வேர்ப்பகுதியை நட்டால் வளருமா? எங்களுக்குக் கொண்டோ பால்கனிதான்.
– வாசகர், கெப்போங், கோலாலம்பூர்

பதில்: துளிர்க்கும். வேரோடு ஐந்து சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, வேர் மட்டும் நனைகிற அளவு தண்ணீரில் வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். நடுவிலிருந்து இலை எழும்பியதும் சட்டிக்கு மாற்றலாம். சில தடவை இலை கிள்ளலாம், சூப்புக்கு நல்ல வாசம். பருத்த தண்டை எதிர்பார்க்காதீர்கள். அதே சட்டியில் டாவுன் பாவாங் வேரையும் ஊன்றி வையுங்கள், அது பக்கக்கன்று விட்டுக்கொண்டே போகும்.

கேள்வி: குச்சாய் இலையின் அடியில் கறுப்பாகச் சின்னப் பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கின்றன, மருந்து அடிக்கலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அது அசுவினி. சமைக்கிற இலைக்கு ரசாயன மருந்து வேண்டாம். தூர் முழுவதையும் இரண்டு விரல் உயரத்துக்கு ஒட்ட அறுத்து, அறுத்த இலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தூரப் போட்டுவிடுங்கள். வேரில் இருக்கும் பலத்தில் செடி தானே திரும்ப வரும். புதுத்துளிரில் ஒன்றிரண்டு தெரிந்தால் காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அசுவினி சுரக்கும் இனிப்புக்காக அதைப் பாதுகாப்பது எறும்புதான்.