சில நேரம் ஸ்டார்ட் ஆகிறது, சில நேரம் ஆவதில்லை: மினி டிராக்டர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே புகாரைச் சுற்றியே இருக்கின்றன. ஒரு நேரம் சாவியைத் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும் வண்டி, மறுநேரம் அசையவே மறுக்கிறது. முழுதாகப் பழுதாகிவிட்ட வண்டியைச் சரிசெய்வது எளிது. விட்டுவிட்டு வரும் கோளாறுதான் ஆளை அலைக்கழிக்கும். மெக்கானிக் வந்து நிற்கும்போது வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிடும். அவர் ஊகத்தில் எதையாவது மாற்றிவிட்டுப் போவார். ஒரே வாரத்தில் கோளாறு திரும்பி வரும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கோளாறு காட்டும் அந்த நிமிடத்திலேயே அளந்து பாருங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் எப்போதும் டூல் பெட்டியில் இருக்கட்டும்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். செல்ஃப் சுற்றுவதில்லை. ஐந்தாறு முறை திருப்பினால் திடீரென்று எடுத்துக்கொள்கிறது. பேட்டரியைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: பொறுங்கள், இன்ஜினைச் சுற்றிவிடும் அந்தச் செல்ஃப் மோட்டாரின் மேல் இன்னும் பழி போட வேண்டாம். அந்த 'டிக்' சத்தம் ஒரு நல்ல செய்தி. சாவி, ஃபியூஸ், பாதுகாப்பு ஸ்விட்சுகள் வழியாகச் சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த ஸ்விட்ச்) வரை மின்சாரம் வந்துவிட்டது என்று அது சொல்கிறது. பெரிய மின்னோட்டம் மோட்டாருக்குள் போகும் பாதையில்தான் தடை இருக்கிறது.

கியரை நியூட்ரலில் வைத்து, பி.டி.ஓ.வை (இணைப்புக் கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டு) விடுவித்து, பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பிடிக்கட்டும். நீங்கள் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நிற்காமல் ஓரமாக நின்று அளக்க வேண்டும். சொலினாய்டில் இரண்டு தடித்த போல்ட்டுகள் இருக்கும். ஒன்றில் பேட்டரி ஒயர் வருகிறது, மற்றொன்றிலிருந்து மோட்டாருக்குப் போகிறது. 'டிக்' கேட்டும் சுற்றாத அந்த நேரத்தில், பேட்டரி ஒயர் வரும் போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அது 2, 3 வோல்ட்டுக்குச் சரிந்து, பேட்டரி முனையிலோ 12 அப்படியே நின்றால், குற்றம் ஒயரிலோ எர்த்திலோ (பேட்டரியின் நெகட்டிவை இன்ஜின் உடம்போடு இணைக்கும் ஒயர்) இருக்கிறது. போல்ட்டில் 12 இருந்து, மோட்டார் பக்கப் போல்ட்டில் எதுவும் வரவில்லை என்றால், சொலினாய்டின் உள்தொடர்பு கருகியிருக்கிறது. இரண்டிலும் 12 வந்தும் மோட்டார் சும்மா இருந்தால்தான் கார்பன் பிரஷ் தேய்ந்ததா என்று மோட்டாரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் 'ஐந்தாறு முறை திருப்பினால்' என்ற குறிப்பைப் பார்த்தால் எனக்கு உள்தொடர்பின் மேல்தான் சந்தேகம். பல வண்டிகளில் சொலினாய்டின் மூடியைக் கழற்றினால், உள்ளே நாணயம் போன்ற ஒரு செம்புத் தட்டும், அது வந்து மோதும் இரண்டு செம்புத் துண்டுகளும் தெரியும். புதியதில் அவற்றின் முகம் சமமாக இருக்கும். தேய்ந்ததில் ஒரு பக்கம் பிறை போலக் குழிந்து, விளிம்பில் கறுத்த முத்துகள் உருகி ஒட்டியிருக்கும். தட்டு ஒவ்வொரு முறையும் சற்றே திரும்பி வந்து மோதுவதால், நல்ல இடம் பட்டால் எடுக்கும், குழி பட்டால் எடுக்காது. இந்தச் செம்புத் துண்டுகளும் தட்டும் தனியாகக் கிடைக்கும் வண்டியாக இருந்தால், முழு மோட்டாரை மாற்றத் தேவையே இல்லை. பிரிப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள்.

எர்த்தையும் லேசாக எண்ண வேண்டாம். பேட்டரியையும் செல்ஃபையும் மாற்றி ஓய்ந்துபோன ஒரு டிராக்டரை என்னிடம் கொண்டுவந்தார்கள். எர்த் ஒயரின் முனையை விரலால் அழுத்தினேன், உறைக்குள் நறநறவென்றது. உறையைக் கத்தியால் கீறியதும் பச்சைத் தூள் கொட்டியது. செம்பு இழைகளில் ஏழெட்டுதான் உயிரோடு இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஒயர் புதிது போலவே இருந்தது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் ஒயரை மாற்றிவிடுங்கள். அது பிளாக்கைத் தொடும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளபளக்கும்படி செய்த பிறகு முடுக்குங்கள்.

கேள்வி: 'கடகடகட' என்று வேகமாகச் சத்தம் வருகிறது. இதுவும் அதே கோளாறுதானா?

பதில்: இல்லை. இது பெரும்பாலும் பேட்டரி வலுவிழந்ததன் அடையாளம், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. சொலினாய்டு இழுத்தவுடன் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது, வோல்ட் விழுகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் முதலில் டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, மறுபடி பாருங்கள்.

கேள்வி: சில நேரம் சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை. கிளட்சை நான்கைந்து முறை மிதித்தால் எடுக்கிறது. கிளட்ச் ஸ்விட்சின் இரு ஒயர்களையும் நேராகச் சேர்த்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். இதை மன்றாடியே கேட்கிறேன். அந்த ஸ்விட்ச் இருப்பதால்தான், கியரில் நிற்கும் டிராக்டர் சாவியைத் திருப்பியதும் பாய்வதில்லை. ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டின் முனைகளைத் தொடவைத்து ஸ்டார்ட் செய்வதும் அதே ஆபத்துதான். கீழே, பின்சக்கரத்தின் அருகில் நின்றுகொண்டு செய்கிறார்கள். வண்டி கியரில் இருந்தால் தொட்டவர் மேலேயே ஏறும். உயிர் போயிருக்கிறது.

கோளாற்றைக் கண்டுபிடிக்க நீங்களே பாதி வழி வந்துவிட்டீர்கள். கிளட்சை மிதித்தால் எடுக்கிறது என்றால், பெடல் அந்த ஸ்விட்சின் குமிழை முழுதாக அழுத்துவதில்லை. தாங்கும் தகடு வளைந்திருக்கலாம், சேறு இறுகியிருக்கலாம், குமிழ் தேய்ந்திருக்கலாம். தகட்டைச் சரிசெய்து பாருங்கள். தீராவிட்டால் ஸ்விட்சை மாற்றுங்கள், அது சிறிய பொருள்தான். ஹைட்ரோஸ்டாடிக் வண்டி (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் வகை) வைத்திருப்பவர்கள் பெடல் நடுநிலைக்கு முழுதாகத் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். பி.டி.ஓ. நெம்புகோல் அரைகுறையாக நின்றாலும் செல்ஃப் எடுக்காது.

இன்னொன்று. சாவியிலிருந்து சொலினாய்டு வரை உள்ள மெல்லிய ஒயர் மூன்று நான்கு ஸ்விட்சுகளைத் தாண்டி வருகிறது. ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக வோல்ட் கரையும். சாவியைத் திருப்பிப் பிடித்தபடி சொலினாய்டின் சிறிய முனையில் அளந்தால் 7 அல்லது 8 வோல்ட்தான் வருகிறது என்றால், ஒரு ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்) வைப்பது நல்ல தீர்வு. பழைய ஒயர் ரிலேயை மட்டும் இயக்கும். சொலினாய்டுக்கு வேண்டிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயரில் நேராகப் போகும். பாதுகாப்பு ஸ்விட்சுகள் எல்லாம் முன்போலவே வேலை செய்யும்.

கேள்வி: காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை. ஆறியபின் எடுக்கிறது. ஏன்?

பதில்: செம்புக் கம்பி சூடானால் அதன் தடை கூடும், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.4 சதவீதம். இன்ஜின் சூட்டில் சொலினாய்டு 60 டிகிரி ஏறினால், அதன் சுருளின் தடை ஏறக்குறைய கால்பங்கு அதிகம். குளிர்ந்திருக்கும்போது தட்டுத்தடுமாறி இழுத்த சொலினாய்டு, சூட்டில் இழுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. ஆகவே சூடாக இருக்கும்போதே சிறிய முனையில் அளவெடுங்கள். குறைவாக வந்தால் மேலே சொன்ன ரிலே போதும். 11 வோல்ட்டுக்குக் குறையாமல் வந்தும் சத்தமே இல்லை என்றால், சொலினாய்டை மாற்றுங்கள். எடுத்தும் திணறித் திணறி மெதுவாகச் சுற்றினால், மோட்டாரின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. சில நாள் மட்டும் இன்ஜின் பற்றுவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சைலன்சரைப் பாருங்கள். சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றத்தான் இல்லை.

புகை இல்லாவிட்டால், டீசலை நிறுத்தும் சொலினாய்டை (செல்ஃபில் இருப்பது அல்ல, டீசல் பம்ப் பக்கம் இருப்பது) முதலில் கவனியுங்கள். மின்சாரம் வந்தால்தான் டீசலைத் திறந்துவிடும் வகை இருக்கும் வண்டியில், சாவியை முதல் நிலைக்குத் திருப்பும்போது பம்ப் பக்கம் காதை வைத்தால் 'டக்' என்று கேட்க வேண்டும். ஒருநாள் கேட்டு ஒருநாள் கேட்காவிட்டால் அதன் தண்டு சிக்குகிறது, அல்லது கனெக்டர் தளர்ந்திருக்கிறது. இரவெல்லாம் நின்ற பிறகு மட்டும் தகராறு என்றால், எங்கோ காற்று நுழைந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம், குழாயின் முனைகள், வெடித்த ரப்பர் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுபோய், சற்று நேரம் கழித்து எடுத்தால், டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

வெள்ளைப் புகையும் குளிர்ந்த காலையும் சேர்ந்தால், இன்ஜினுக்குள் சூடேற்றிப் பற்றவைக்க உதவும் ஹீட்டர் பிளக்கின் மேல் சந்தேகம். மேலே இணைக்கும் பட்டையைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தனியாக ஓம் அளவில் பாருங்கள். நல்லது ஓரிரு ஓம்முக்குள் காட்டும். அளவே காட்டாதது எரிந்துபோனது.

கேள்வி: ஒரு வாரம் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

பதில்: வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா? வராவிட்டால் சார்ஜே ஆகவில்லை. வந்தால், நிற்கும்போது எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் ஆம்பியர் அளவில் மீட்டரை இணையுங்கள். அந்த நிலையில் மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து எதை எடுக்கும்போது குறைகிறது என்று கண்டுபிடியுங்கள். எதிலும் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மின்சாரத்தை ஒருவழியாக மட்டும் விடும் டயோடு கசிவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: எடுக்காத நாளில் காற்று ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தால் உடனே எடுக்கிறது. தொடரலாமா?

பதில்: ஹீட்டர் பிளக் இருக்கும் இன்ஜினில் கூடவே கூடாது. சூடான பிளக்கில் ஸ்ப்ரேயில் உள்ள ஈதர் பட்டால் பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடு வளையும். ஈதர் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் என்பதால், ஸ்ப்ரேக்கு எடுப்பதை வைத்துக் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பற்றாத கேள்வியில் மேலே சொன்ன புகைச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.