எட்டு நாளில் என்ன கிடைக்கும்?

வணக்கம் ஐயா,

நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த விடுமுறையில் எங்கள் வகுப்பை எட்டு நாள் இலங்கைக்கு அழைத்துப் போகிறார்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்கள், சிகிரியா பாறைக் கோட்டை, பழைய தலைநகர் பொலன்னறுவை என்று திட்டம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எப்படியாவது பணம் புரட்டித் தருகிறேன், போய் வா என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அந்தக் கட்டடங்களின் படம், வரைபடம், வீடியோ எல்லாம் இணையத்திலேயே இருக்கின்றன. நாற்பது பேர் கூட்டமாகப் போய் எட்டு நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? சுற்றுலாதானே? நீங்கள் மாணவர்களோடு அங்கே போனதை எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

பணத்தை முதலில் பேசிவிடுவோம். வட்டிக்கு வாங்கித்தான் போக வேண்டும் என்றால் போகாதீர்கள். அதற்கு முன் கல்லூரியிடம் கேளுங்கள். பாடத்தின் பகுதி என்று சொல்லி நடத்துகிற பயணத்துக்குக் கட்ட முடியாத பிள்ளையை விட்டுவிட்டுப் போவது அநியாயம். தவணையோ சலுகையோ கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கண்டலம ஏரிக்கு மேலே பாவா 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஓட்டலின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கொடி மூடிய முகப்பு, உள்ளே வரும் பாறை. கட்டடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். அதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது வேறு. குகை மாதிரியான வாசலில் நுழைந்து, பாறையை ஒட்டிய வழியில் போய்த் திரும்பினால் சட்டென்று ஏரி விரிகிறது. எங்கே இருட்ட வேண்டும், எங்கே காற்று முகத்தில் பட வேண்டும் என்று ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார் என்பதை உடம்புதான் முதலில் கண்டுபிடிக்கும். முதலாளிகள் முதலில் சொன்ன இடம் சிகிரியாவின் அருகில். பாவா மறுத்து, அந்தக் குன்று தொலைவில் தெரியும் இந்த இடத்தைக் கேட்டார். முந்தின நாள் சிகிரியா ஏறியிருந்தால், ஏன் மறுத்தார் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கொழும்பில் அவருடைய சொந்த வீடும் அப்படித்தான். சந்துக்குள் இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. நம் செட்டிநாட்டிலிருந்து போன தூண்கள்கூட அங்கே நிற்கின்றன. இவ்வளவு நெருக்கடியான இடத்தில் சிறு முற்றங்களை வைத்தே வெளிச்சத்தை உள்ளே இறக்கியிருக்கிறார். திருநெல்வேலியில் மூன்று சென்ட் மனையில் வீடு வரையப்போகும் உங்களுக்கு, கண்டலமவைவிட இது அதிகம் உதவும்.

கூட்டமாகப் போவதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய லாபமாகப் படுகிறது. நான் போன குழுவில் ஒரு பெண் போன இடமெல்லாம் டேப் வைத்துப் படியின் உயரத்தை அளந்தாள். ஒரு பையன் பாவாவின் தோட்ட வீடான லுணுகங்கையில் தோட்டக்காரரோடு உட்கார்ந்து, எந்தக் கிளையை எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ராத்திரி சாப்பாட்டு மேசையில் இதெல்லாம் ஒன்றாகச் சேரும். அங்கேதான் சண்டையும் வந்தது. கண்டலம ஓட்டல் கட்டும்போது சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் பிக்குகளும் கடுமையாக எதிர்த்தார்கள். கட்டவே கூடாத இடத்தில் நல்ல கட்டடம் கட்டினால் அதைப் பாராட்டலாமா என்று ஒருத்தி கேட்டாள். நள்ளிரவு வரை பேசினார்கள், முடிவு வரவில்லை. வகுப்பறையில் அந்தப் பிள்ளைகள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்று பொலன்னறுவையில். இடிந்த செங்கல் கட்டடங்களுக்கு நடுவே முழுக்கக் கல்லில் ஒரு சின்னச் சிவன் கோயில் இருக்கிறது. சோழர் கட்டியது, வானவன்மாதேவி ஈச்சுரம். அடி முதல் உச்சி வரை தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில்தான். எங்கள் பிள்ளைகள் பூரித்துப் போனார்கள். அப்புறம் உடன் வந்த வழிகாட்டி, தான் பள்ளியில் படித்த அதே வரலாற்றைச் சொன்னார். 993-இல் சோழர் படையெடுப்பு, அப்போதைய தலைநகர் அனுராதபுரம் அழிந்தது, 1017-இல் மன்னர் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்தது, 1070-இல் சிங்கள மன்னர் விஜயபாகு சோழரை விரட்டியது. கோபமில்லாமல்தான் சொன்னார். நாம் வெற்றி என்று படித்தது, அவருக்கு ஊர் பறிபோன கதை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இதைப் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் மரியாதையாகப் பேசுகிற ஒரு மனிதர் எதிரே நின்று சொல்லும்போது, பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக முடியாது. எட்டு நாள் பயணத்தில் இப்படி ஒரு பொழுது வாய்த்தாலே போன பணத்துக்குப் போதும் என்பேன்.

அங்கே தமிழர்களையும் சந்திப்பீர்கள். போரைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்கள் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, கிடைத்த படங்களை வைத்து அதன் குறுக்குவெட்டுப் படத்தை, அதாவது செக்‌ஷனை வரையுங்கள். அங்கே போய் அளந்து திருத்துங்கள். எங்கெங்கே தப்பாக ஊகித்தோம் என்று பார்ப்பதிலேயே ஒரு பருவத்துப் பாடம் இருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் ஒரே நாளில் ஐந்து இடம் போட்டிருந்தால், இரண்டாகக் குறைக்கச் சொல்லி வகுப்பாகச் சேர்ந்து கேளுங்கள்.

பணம் கூடிவரவில்லை என்றால் மதுரைக்குப் போங்கள். மதுரா கோட்ஸ் ஆலைக்காக 1970களில் பாவா கட்டிய மதுரை கிளப் இப்போது ஓட்டலாக இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, டேப்போடும் நோட்டோடும் நாலு நண்பர்களைக் கூட்டிப் போங்கள். தனியாகப் போக வேண்டாம்.