கையெழுத்து மோசமாக இருப்பவர்கள் கைப்பட நன்றிக் கடிதம் எழுதலாமா?

கேள்வி: என்னை உருவாக்கிய சிலருக்குக் கைப்பட நன்றிக் கடிதம் எழுத ஆசை. ஆனால் என் கையெழுத்து மோசம். ஆண்டுகளும் நிறைய ஓடிவிட்டன. இப்போது போய் எழுதினால் செயற்கையாகத் தெரியாதா? தட்டச்சு செய்து அனுப்பினால் போதுமா?

எழுதுங்கள். கைப்படவே எழுதுங்கள். நல்ல தாளாகப் பார்த்து வாங்கி வைத்திருப்பீர்கள், 'அன்புள்ள' வரை எழுதிக் கிழித்தும் போட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், பல வருடம்.

உங்கள் கேள்வியில் 'கையெழுத்து மோசம்' என்று பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு ஆசிரியை என் கணக்கு நோட்டைத் தூக்கிப் பிடித்து, "இது ஏழா, ஒண்ணா? யாராவது வந்து சொல்லுங்க" என்றார். வகுப்பே சிரித்தது. விடை சரி, வழிமுறையும் சரி, மதிப்பெண் மட்டும் போச்சு. வீட்டில் "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று தேற்றினார்கள். தேற்றத்தான் சொன்னார்கள். ஆனால் உன் எழுத்து கோணல்தான் என்று ஒப்புக்கொண்டுதானே அதையும் சொல்கிறார்கள்? ஒரு குழந்தைக்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டிய இடத்தில் எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து மதிப்பெண் குறைப்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அதற்குப் பிறகு பிறந்தநாள் அட்டையில்கூட பெயரை மட்டும்தான் எழுதுவேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொல்லலாம். எனக்கு இருக்கிறது.

இனி என் கதை. 22 வயதில் முதல் வேலை, கணக்குப் பிரிவு. மாதக் கடைசி அறிக்கையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை, 270 இடித்தது. மூன்று மணி நேரம் தேடினேன். இந்த வேலை நமக்கு வராது என்று முடிவு செய்து, கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது பேரேட்டுக்கு அடியில் பாதித் தாள் ஒன்று செருகியிருந்தது. பென்சில் எழுத்து: '270 ÷ 9 = 30. மீதி இல்லை. எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். 7-க்குக் குறுக்கே கோடு போட்டு எழுதவும்.'

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வருகிற வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். எனக்கு அன்று தெரியாது. பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன்: 5,692 என்று இருக்க வேண்டியதை 5,962 என்று ஏற்றியிருந்தேன். அன்று போட ஆரம்பித்த குறுக்குக் கோட்டை இன்றுவரை விடவில்லை. அந்த வேலையையும் விடவில்லை. இன்று எனக்குக் கீழே பதினொரு பேர் இருக்கிறார்கள்.

அந்தச் சீட்டை எழுதியது மேலாளர்தான் என்று நினைத்திருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் பென்சில் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அன்று அவர் ஒன்றும் கேட்காமலும் இருந்தார். நானும் நன்றி சொல்லவில்லை. 21 வருடம் கழித்து, அவர் ஓய்வு பெற்று உடல்நலமில்லாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோதுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் எழுதியதில் 'வழிகாட்டி', 'தூண்', 'ஒளி' எல்லாம் வந்தன. படித்துப் பார்த்தால் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் போல இருந்தது, கிழித்துவிட்டேன். அடுத்ததில் அந்த மத்தியானத்தை மட்டும் எழுதினேன்: 270, பேரேடு, சீட்டு, 7-ன் குறுக்குக் கோடு. ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. சாதாரண பால்பாயிண்ட் பேனாதான். அந்த மையில் எண்ணெய் இருப்பதால் ஈரம் பட்டாலும் சீக்கிரம் கலங்காது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'அம்மா, உன் கடிதம் கிடைத்தது. மிக்க சந்தோஷம். ஆனால் அந்தச் சீட்டு நான் எழுதியதில்லை. தபால் அனுப்பும் மேசையில் இருந்த அம்மாவாக இருக்கும். கவர் ஒட்டும் முன் எல்லாக் கூட்டலையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பார். கணக்கு படித்தவர், பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அன்று உன்னை ஒன்றும் கேட்க வேண்டாம் என்று என்னிடம் வந்து சொன்னதும் அவர்தான்.' கீழே அவருடைய முகவரி.

கையில் தாளை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அக்காவிடம் நான் இரண்டு வருடத்தில் பசையும் கவரும் தவிர எதுவும் கேட்டதில்லை. அவருக்குக் கணக்கு தெரியும் என்பதுகூட எனக்குத் தெரியாது. 'நீங்கள் என் தூண்' என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் மேலாளரும் மகிழ்ச்சி என்று பதில் போட்டிருப்பார், விஷயம் அதோடு முடிந்திருக்கும். சீட்டைப் பற்றி எழுதியதால்தான் உண்மை வெளியே வந்தது. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்: அவர் எவ்வளவு நல்லவர் என்று எழுதாதீர்கள், என்ன செய்தார் என்று எழுதுங்கள். அதோடு சேர்த்து எந்த உதவியும் கேட்காதீர்கள். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது. கடைசி வரியில் சிபாரிசு கேட்டிருந்ததைப் பார்த்ததும் முதல் வரியும் பொய்யாகப் போய்விட்டது.

செயற்கையாகத் தெரியுமோ என்ற பயத்தைப் பற்றி அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகவே பயந்திருக்கிறார்கள். அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பதையோ குறைத்தே கணித்திருக்கிறார்கள். அவை மின்னஞ்சலில் போன கடிதங்கள்தானே என்று யாராவது பிடித்துக்கொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தட்டச்சு செய்தால் நன்றி ஆகாது என்று நான் சொல்லவில்லை. கை நடுங்குபவர்கள், பார்வை இல்லாதவர்கள், தூர தேசத்தில் இருப்பவர்கள் எப்படி முடியுமோ அப்படி அனுப்பட்டும். கையெழுத்துக்கு வெட்கப்பட்டு மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன்.

ஆண்டுகள் ஓடிவிட்டதா? பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யு 1957-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு, சுற்றியிருந்த சத்தம் கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்து, நவம்பர் 19 அன்று தன் தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்குக் கடிதம் எழுதினார். செய்தி கேட்டதும் முதலில் அம்மா நினைவுக்கு வந்தார், அடுத்து நீங்கள்தான் என்று. சின்னக் கடிதம்தான். அப்போது காம்யுவுக்கு 44 வயது.

நான் அந்த அக்காவுக்கு எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு இரண்டு மாதம் பதிலே இல்லை. எழுதியிருக்கக் கூடாதோ என்றுகூடத் தோன்ற ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"அந்தச் சீட்டு எழுதினதே எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார். "ஆனா கவரைக் கையில வாங்கினதும் நீதான்னு தெரிஞ்சிருச்சு."

"எப்படிக்கா? அனுப்புநர் பேரைப் பார்த்தா?"

"பேரை எங்க பார்த்தேன், கண்ணாடியே போடல. கதவு எண்ல ஏழுக்குக் குறுக்கே இவ்வளவு பெருசா ஒரு கோடு போட்டிருக்கியே!"